காது மெஷினைத் திறந்தவர்

கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுக்குப் பால் வருவதற்கு முன்பே நஸீர் வந்து நின்றான். ஜைனப்பின் தங்கை மகன். வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல், வாசலிலேயே சொன்னான்.

"கமலாம்மா, பெரியம்மா மௌத்தாயிட்டாங்க. ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பப் போனோம், எழுந்திருக்கல. தூக்கத்துலயே போயிட்டாங்க. மதியம் லுஹருக்கு அப்புறம் அடக்கம். ஆட்டோ அனுப்பட்டுங்களா?"

நானே வருகிறேன் என்றேன். அவன் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முந்தின வாரம்தான் மஞ்சக்குப்பம் போய் ஜைனப்போடு பேசிவிட்டு வந்திருந்தேன். பேச்செல்லாம் மீன் விலையும் முழங்கால் வலியும்தான். கடைசிச் சந்திப்பு என்று தெரிந்திருந்தால் வேறு ஏதாவது பேசியிருப்போமா என்று இப்போதும் தெரியவில்லை.

சிதம்பரத்தில் அவரிடம் மின்னணுவியல் படித்தவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறீர்கள். பெங்களூரில் அவரோடு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கெல்லாம் அவர் ஜைனப் மேடம். எனக்கு ஜைனப். எழுத்தில் மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் எங்களுக்குள் 'வாடி, போடி'தான். அவருடைய பிற்காலத்தை அறிந்தவர்கள் பலர். அறுபதுகளை அறிந்தவர்களில் மிச்சம் நான்தான் என்று நினைக்கிறேன். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் சிதம்பரத்துக் கல்லூரியில் செய்முறை வகுப்பு ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். தினமும் திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறிப் போய் வருவோம். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். ஜன்னல் ஓரம் எந்தப் பக்கம் கிடைத்தாலும், என்னைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்துவிட்டுத்தான் அவர் உட்காருவார். நான் ஏதாவது சொன்னால் சிரித்துத் தலையாட்டுவார். பாதி நேரம் அந்தச் சிரிப்பு நான் சொன்னதற்குப் பொருந்தாது. கர்வக்காரி என்று நினைத்தேன்.

பரங்கிப்பேட்டையில் ஒரு நாள் கூட்டம் நெருக்கி ஏறியபோது அவருடைய முக்காடு நழுவிவிட்டது. காதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கழுத்தோரமாக ரவிக்கைக்குள் இறங்கியது. சட்டென்று இழுத்து மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கிள்ளை தாண்டிய பிறகு அவராகவே சொன்னார்.

"சின்ன வயசுல காய்ச்சல். பொழைக்க வைக்கணும்னு ஊசியா போட்டாங்க. பொழைச்சிட்டேன், காது போயிடுச்சு. எடது காது சுத்தமா இல்ல. வலது காதுல மெஷின் மாட்டினா ஓரளவுக்குக் கேக்கும். காலேஜ்ல யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிடாதே."

"முக்காடு இல்லாட்டி என்னடி பண்ணுவ?" என்றேன்.

"அதான் அல்லா முக்காட்டுக்கும் ஒரு வேலை வச்சிருக்கான்" என்று சிரித்தார். அன்று முதல் தோழிகளானோம்.

அந்தக் காது மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று காதுக்குள் மறைந்துவிடும் அளவில் வருகிறது. அன்று தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய உலோகப் பெட்டி. அதை உள்ளே குத்திக்கொண்டு கம்பியைக் காதுவரை கொண்டுவர வேண்டும். பினாங்கில் கடை வைத்திருந்த அவருடைய மாமா வாங்கி அனுப்பியது. அதற்கு வேண்டிய பொத்தான் போன்ற பேட்டரியும் பினாங்கிலிருந்துதான் வர வேண்டும். கப்பலில் தெரிந்தவர் யாராவது வந்தால் ஒரு பொட்டலம் கிடைக்கும். கடலூரிலும் கிடைக்காது, சென்னையிலும் தேட வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். மார்கழியில் ஒரு வாரம் ஓடும் பேட்டரி சித்திரையில் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஏன் என்று அப்போது எங்களுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. வெயில் என்றால் எல்லாம்தான் கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டோம்.

அப்படி ஒரு சித்திரை மாதப் பிற்பகல். செய்முறைக் கூடத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றுப் பேட்டரி கையில் இல்லை. ஒரு மாணவன் எழுந்து, மின்மாற்றியின் இரும்பை ஏன் தகடு தகடாக அடுக்குகிறார்கள் என்று கேட்டான். நல்ல கேள்வி. ஜைனப்புக்கு வாய் அசைவு மட்டும்தான் தெரிந்தது. வெளியே போக அனுமதி கேட்கிறான் என்று நினைத்து, "போயிட்டு சீக்கிரம் வா" என்றார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. நாற்பது வாய்கள் ஒரே நேரத்தில் திறந்ததைப் பார்த்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்துகொண்டார். பக்கத்து மேசையில் இருந்த நான் போய் மாணவனுக்குப் பதில் சொன்னேன். ஜைனப் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தபடி நின்றார்.

விஷயம் துறைத் தலைவர் காதுக்குப் போயிற்று; காரணத்தையும் ஊகித்துவிட்டார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். ஜைனப்பை அழைத்து உட்கார வைத்து, காகிதத்தில் எழுதிக் காட்டாமல், மெல்ல வாயை விரித்துப் பேசினார். நானும் உடன் இருந்தேன்.

"தப்பா நெனைக்காதேம்மா. பசங்க கேள்வி கேட்டா காதுல விழணும் இல்லையா? ஜூன்லேருந்து ஸ்டோரைப் பாத்துக்க. சம்பளம் அதேதான். கருவி எல்லாம் உன் பொறுப்பு. உனக்கும் நிம்மதி."

அன்பாகச் சொல்லப்பட்ட வார்த்தைகள். அதனாலேயே எதிர்த்துப் பேச வழியில்லை.  "ஜூன் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றார் ஜைனப். "அந்தப் புது டிரான்சிஸ்டரையும் குடுங்க."

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்துபோனபோது எங்கள் துறைக்குக் கொடுத்துவிட்டுப்போன சில டிரான்சிஸ்டர்கள் அவை. அப்போதுதான் உலகத்தில் வரத் தொடங்கியிருந்த வகை. அலமாரியில் பெட்டியோடு கிடந்தன. கெட்டுவிடும் என்று பயந்து யாரும் தொடவில்லை. தலைவர் யோசித்துவிட்டு, "கெட்டா கெடட்டும், எடுத்துக்கோ" என்றார்.

விடுமுறையிலும் நாங்கள் சிதம்பரத்துக்குப் போய்வந்தோம். முதலில் ஜைனப் செய்தது, தன் காது மெஷினையே திருப்புளியால் திறந்ததுதான்.  கெட்டுவிட்டால் அடுத்த கப்பல் வரும் வரைக்கும் அவருக்கு உலகமே ஊமைப்படம். அவர் கவலைப்படவில்லை. பேட்டரிக்கும் சுற்றுக்கும் நடுவில் அம்மீட்டரை வைத்து, ஒலிவாங்கியைப் பஞ்சால் பொத்திவிட்டு, முள்ளைப் பார்க்கச் சொன்னார். பிறகு பெட்டியைக் கொஞ்ச நேரம் ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். சத்தமே இல்லாத போதும் முள் மேலே ஏறியிருந்தது.

"பாத்தியா? பேசும்போது திங்கறதை மன்னிச்சுடலாம். சும்மா இருக்கும்போது எவ்வளவு திங்குது பாரு. நாள் பூரா யாருடி என்கிட்ட பேசிட்டே இருக்காங்க? சும்மா இருக்கற நேரம்தானே ஜாஸ்தி."

இயற்பியல் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரான்சிஸ்டரை ஏரி மதகு என்று வைத்துக்கொள்ளலாம். ஓரளவு மின்னழுத்தம் கொடுத்தால்தான் திறக்கும்; அந்த அளவுக்குக் கீழே மூடிக்கிடக்கும். அந்த எல்லையைத்தான் பாடத்தில் திரெஷோல்டு வோல்டேஜ் என்போம். ஜைனப் அதை வாசப்படி என்றே சொல்வார். வாசற்படி தாழ்வாக இருந்தால் சிறிய பேட்டரியே போதும், லேசாகத் தள்ளினாலே திறந்துவிடும். ஆனால் அந்த மதகு இறுக மூடாது. மூடியிருக்கும்போதும் கசிந்துகொண்டே இருக்கும். வெயில் ஏற ஏறக் கசிவும் கூடும். வாசற்படியை உயர்த்தினால் கசிவு நிற்கும், ஆனால் திறப்பதற்குப் பலம் வேண்டும். பழைய மெஷினில் இருந்த டிரான்சிஸ்டர்கள் முதல் வகை. எங்கள் ஊர் வெயில் அவற்றின் பிறவிக் குணத்தைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது.

"வேலைன்னு வரும்போது வாசப்படி தாழணும். வேலை இல்லாதப்போ ஒசரணும். அப்படி ஒண்ணு கெடைச்சா போதும்" என்றார் ஜைனப்.

"வாசப்படி எப்படிடி ஏறி எறங்கும்?"

"அதைத்தான் பாக்கணும்."

புது டிரான்சிஸ்டர்களை எடுத்தோம். ஒவ்வொன்றின் கால்களையும் சேர்த்து ஒரு சின்ன உலோக வளையம் மாட்டியிருந்தது. வளையத்தைக் கழற்றி முதல் ஒன்றைச் சுற்றில் பொருத்தினார் ஜைனப். செத்துக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுப்பதற்கு முன் மிச்சத்தை எண்ணிப் பார்த்தார். நினைத்தால் கிடைக்கிற பொருள் அல்ல அது. அப்போது அவர் முந்தானை என் கையில் உரசியது. சுரீரென்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கட்டியிருந்தது மாமா அனுப்பிய நைலான் சேலை. அந்தக் காலத்தில் நைலான் சேலை என்றால் பெரிய பெருமை. அந்த வறண்ட அக்கினி வெயிலில் நைலானில் சேரும் நிலைமின்சாரம், விரல் வழியாகப் பாய்ந்து டிரான்சிஸ்டரைக் கொன்றுகொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் அந்த வளையம்.

மறுநாள் முதல் வேலை முடியும் வரை இரண்டு பேரும் கைத்தறிதான். "உன் மாமா கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன். "அந்தச் சேலை ரெண்டு கொலை பண்ணிடுச்சு, ஜெயில்ல போட்டுட்டேன்னு சொல்லுவேன்" என்றார்.

அந்த டிரான்சிஸ்டர்களுக்கு நான்கு கால்கள். மூன்று எங்களுக்குப் பழகியவை. நான்காவது, சிலிக்கானின் அடித்தளத்திலிருந்து வருவது. அதை வழக்கமாக இன்னொரு காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நானும் அப்படியே கட்டப் போனேன். ஜைனப் என் கையைப் பிடித்தார்.

"கட்டாதே. எதுக்கோ ஒரு கால் வச்சிருக்கான். அதை முடிச்சுப் போட்டு ஓரமா உக்கார வச்சிட்டா எப்படி? அதுகிட்டயும் கேட்டுப் பாப்போம்."

இதைச் சொல்லும்போது அவர் டிரான்சிஸ்டரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஸ்டோர் அறை அவர் மனதில் இருந்தது.

நான்காவது காலுக்குத் தனியாக ஒரு சிறு மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் கொடுத்தார். முள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் கொடுத்தார். இன்னும் இறங்கியது. கசிவு ஏறக்குறைய நின்றேபோனது. அழுத்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்தது. ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பிற்பகல் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தோம். வாசற்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மேசையைத் தட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் கேட்குமே என்ற நினைப்பே இல்லாமல், "கமலா! கமலா!" என்று கத்தினார். காவலாளி ஓடிவந்து எட்டிப்பார்த்தார்.

இதை உலகத்தில் முதலில் கண்டவர் ஜைனப் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் பலர் இதை அறிந்திருப்பார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் தானாகக் கண்டார். அவ்வளவுதான்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. சத்தம் இல்லாதபோது நான்காவது கால் வாசற்படியை உயர்த்திவைத்திருக்கும். மெஷின் அரைத் தூக்கத்தில் கிடக்கும். யாராவது பேசினால் அந்தச் சத்தத்திலேயே ஒரு துளியை எடுத்து நான்காவது காலுக்கு அனுப்பி வாசற்படியை இறக்கும்படி சுற்றை அமைத்தார். பினாங்கு பேட்டரி வேண்டாம். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற டார்ச் பேட்டரிக் கட்டை போதும். பெட்டி மட்டும் பெரிதாகிவிட்டது, சோப்புப் பெட்டி அளவுக்கு. ரவிக்கைக்குள் ஒளிக்க முடியாது. தோளில் ஒரு துணிப்பையில்தான் தொங்க வேண்டும்.

ஒரு குறையும் இருந்தது. மெஷின் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. "கமலா" என்று கூப்பிட்டால் அவருக்கு "மலா" என்றுதான் கேட்கும். எவ்வளவு முயன்றும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. விட்டுவிட்டார்.

இதே நாட்களில் மஞ்சக்குப்பத்தில் அவருக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பையன் வெளிநாட்டில் வேலை. பெண் பார்க்க வந்தவர்களிடம் காது விஷயத்தை அவருடைய அம்மா சொல்லவில்லை. நானும் அன்று போயிருந்தேன். பழைய மெஷினில் கடைசிப் பேட்டரியைப் போட்டு, முக்காட்டை இறுக்கி, உட்கார வைத்திருந்தார்கள். ஜைனப் சிரித்துத் தலையாட்டினார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

ஜூன் பிறந்தது. தலைவர் கொடுத்த தவணை முடிந்தது. அந்த முதல் நாளை அன்று வகுப்பில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புது மாணவர்களும் பழையவர்களுமாகக் கூடம் நிறைந்திருந்தது. தலைவர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். துணிப்பையை முக்காட்டுக்குள் எப்படி மறைக்கப்போகிறார் என்பதுதான் என் கவலை.

அவர் மறைக்கவில்லை. மேடையேறி, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். துணிப்பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். காதிலிருந்து பெட்டிவரைக்கும் கம்பி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"எனக்குக் காது கேக்காது. இதுதான் என் காது. போன சித்திரையில ஒரு மாணவர் நல்ல கேள்வி கேட்டார், நான் அவரை வெளியே போகச் சொல்லிட்டேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். இன்னைக்கு இந்தக் காதைத் திறந்து காட்டப்போறேன். இதுதான் பாடம்."

 கரும்பலகையில் சுற்றை வரைந்தார். வாசற்படி, கசிவு, நான்காவது கால் எல்லாவற்றையும் சொன்னார். மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வரிசையாக வந்து பார்க்கச் சொன்னார். கடைசியில், "கேள்வி கேக்கறவங்க முதல்ல 'மேடம்'னு சொல்லிட்டு, ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் கேளுங்க. மரியாதைக்காக இல்ல. மெஷினை எழுப்பறதுக்கு" என்றார். அப்போதுதான் கூடம் சிரித்தது. இந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "மேடம்." நிறுத்தினான். "சும்மா இருக்கும்போது பவர் மிச்சம் பண்றதுக்கு இவ்வளவு பாடுபடணுமா? பேட்டரி பெருசா போட்டுக்கலாமே?"

"போடலாம். சுமக்கறது யாரு, நீயா?" என்றார் ஜைனப்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு தலைவர் மெல்ல எழுந்து வந்தார். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேடம்" என்றார் அவரும், ஒரு மூச்சு விட்டு. "ஸ்டோருக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா."

அந்த வாரம் முடிவதற்குள் செய்தி கடலூருக்கு வந்துவிட்டது. மாணவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்தானே. பையன் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் போனபோது அவருடைய அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டு வந்திருக்காளே! யார் கேட்டா இவளை? மூடி வச்சிருந்தா இந்நேரம் தேதி குறிச்சிருப்பாங்க இல்ல?"

ஜைனப் அத்தா என்று கூப்பிடும் அவருடைய அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்தவர்; அதிகம் பேசாதவர். "மறைச்சு நிக்காஹ் பண்ணிட்டா, அந்த வீட்டுல தினமும் இவ கேக்கற மாதிரியே நடிக்கணும். எத்தனை வருஷத்துக்கு நடிப்பா? விடு" என்றார். அம்மா அதற்கும் அழுதார். இருவரில் யார் சொன்னதும் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ரயில் ஆலப்பாக்கம் தாண்டியது. ஜைனப் பையில் கைவிட்டு மெஷினை அணைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கினார். ரயில் பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தான் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மீன்கூடையோடு எதிரில் இருந்த அம்மாள் ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தன் சொம்பிலிருந்த தண்ணீரை நீட்டினாள். சிதம்பரம் வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் போட்டார்.

"ஏண்டி அணைச்சே?" என்றேன்.

"என் அழுகையை நானே கேக்கணுமா?" என்றார். அதோடு சரி. பிறகு அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நான் முடிச்சுப் போட மாட்டேன். வேறு வரன்களும் வந்தன. ஒன்றிரண்டை அவரே வேண்டாம் என்றார்.

அறுபதுகளின் கடைசியில் ஒருங்கிணைந்த சுற்று எங்கள் கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. பல டிரான்சிஸ்டர்கள் ஒரே சிலிக்கான் துண்டுக்குள். மாணவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். ஜைனப் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையோ யோசித்தார். தனித்தனி டிரான்சிஸ்டர் என்றால் நல்லதாகப் பொறுக்கிக்கொள்ளலாம். துண்டுக்குள் போய்விட்டால் கை எட்டாது.

"இனிமே வாசப்படியைப் பொறக்கும்போதே சரி பண்ணி வைக்கணும் கமலா. எது சும்மா கெடக்கும், எது ஓடிட்டே இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, சும்மா கெடக்கறதுக்கு ஒசரமா, ஓடறதுக்குத் தாழ்வா வைக்கணும். அடித்தளம் எல்லாத்துக்கும் பொது. அதைப் பிடிச்சா எல்லாத்தையும் ஒரே நேரத்துல தூங்கவும் வைக்கலாம்."

இதைக் கட்டுரையாக எழுதி ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. இத்தனை சிறிய மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதால் யாருக்குப் பயன் என்று கேட்டிருந்தார்கள்.

"எனக்குன்னு பதில் போடட்டுமா?" என்று சிரித்தார். அன்று சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று எல்லார் சட்டைப்பையிலும் கிடக்கிற போன் சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்கிறது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அடுத்த ஆண்டே பெங்களூருக்குப் போய்விட்டார். அங்கே செய்ததை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். ஓய்வு பெற்றதும் மஞ்சக்குப்பத்துக்கே திரும்பி வந்தார்.

அந்த ஜூன் வகுப்புக்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. பொருந்தாத அந்தச் சிரிப்பும் தலையாட்டலும் அடியோடு நின்றுபோயின. காதில் விழாவிட்டால் யாராக இருந்தாலும், துணைவேந்தரோ கறிகாய்க்காரரோ, முகத்தை நேராகப் பார்த்து, "கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்பார். அதில் கெஞ்சலும் இருக்காது, கோபமும் இருக்காது. சிலர் எரிச்சல்படுவார்கள். அவர் காத்திருப்பார்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நஸீரின் தங்கை ஷமீமா என் பக்கத்தில் வந்து, கையை நீட்டி, ஏதோ மெல்லச் சொன்னாள். எனக்கும் இரண்டு மூன்று வருஷமாகக் காது மந்தம். யாரிடமும் சொல்லவில்லை. பேசுபவர்களின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவளுக்கும் தலையாட்டினேன். அவள் போகவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

"கேக்கலம்மா" என்றேன். "திரும்பச் சொல்லு."

அவள் குனிந்து சொன்னாள். "பெரியம்மா மாட்டிட்டே தூங்கியிருக்காங்க, காதுலேருந்து கழட்டினோம் கமலாம்மா. இன்னும் ஆன்லயே இருக்குது. எப்படி அணைக்கறதுன்னு எங்க யாருக்கும் தெரியல."

அவள் உள்ளங்கையில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு மெஷின். வாங்கி, நகத்தால் பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டேன்.

அவருடைய புகைப்படமோ கையெழுத்தோ என்னிடம் எதுவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'கேக்கல, திரும்பச் சொல்லுங்க' என்ற அந்த ஒரு வாக்கியம்தான். அவர் அதை முப்பது வயதுக்குள் சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கு எண்பது தாண்ட வேண்டியிருந்தது. இனி அதை அவரைப் போலவே, முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.